வலிக்கிறது என்று சொல்லுங்கள்: ஜெர்மனியில் என் பிரசவம்

ஒன்பது மாதமும் வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டரம்மா பிரசவத்துக்கு வரமாட்டார். ஜெர்மனியில் பிள்ளை பெறப்போகும் தமிழ்ப்பெண் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான். மாதாமாதம் பார்க்கும் மகப்பேறு மருத்துவர் தனியாக கிளினிக் வைத்திருப்பவர். பிள்ளை பிறக்கிற மருத்துவமனையோடு அவருக்குப் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. அன்றைக்கு யாருக்கு டியூட்டியோ அவர்தான் நம்மைப் பார்ப்பார். அவரும் அநேகமாக டாக்டராக இருக்கமாட்டார், ஹெபாமேயாக இருப்பார்.

ஹெபாமே என்றால் முறையாகப் படித்து உரிமம் பெற்ற மருத்துவச்சி. சிக்கலில்லாத பிரசவத்தை டாக்டர் இல்லாமலே அவர் பார்க்கலாம். ஆனால் ஹெபாமே இல்லாமல் டாக்டர் மட்டும் பிரசவம் பார்க்கக் கூடாது, டாக்டர்தான் அவரை வரவழைக்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. திருச்சியில் என் அக்காவுக்குப் பிரசவம் நடந்தபோது "பெரிய டாக்டர் வந்துட்டாங்களா?" என்று வீடே பரிதவித்தது. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, டோர்ட்முண்டில் என் பிள்ளையைக் கையில் வாங்கியவர் ஒரு ஹெபாமே என்பதை அம்மாவுக்குப் புரியவைக்கவே நிறைய நேரமானது.

2025 ஜனவரியில் எங்கள் மகள் பிறந்தாள். அடுத்து இங்கே வரப்போகும் பெண்களுக்குப் பயன்படும் என்று, எனக்குத் தெரியவந்ததை எல்லாம் எழுதிவைக்கிறேன்.

கர்ப்பம் உறுதியானதும் கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் தருவார்கள். பெயர் முட்டர்பாஸ். 1960களிலிருந்து இருக்கும் ஏற்பாடு. ரத்த வகை, இரும்புச்சத்து, ஒவ்வொரு ஸ்கேனின் அளவு, பிள்ளையின் தலை இறங்கிவிட்டதா என்பது வரை எல்லாம் அதில் ஏறும். வெளியில் கிளம்பும்போதெல்லாம் அதைக் கைப்பையில் வைத்திருங்கள். எந்த ஊரில் வலி வந்தாலும் எந்த மருத்துவமனையும் முதலில் கேட்பது அதைத்தான்.

அந்தப் புத்தகம் கைக்கு வந்த வாரமே வீட்டுக்கு வரும் ஹெபாமேயைத் தேட ஆரம்பியுங்கள். பிரசவ அறையில் இருப்பவர் வேறு, வீட்டுக்கு வருபவர் வேறு. குழந்தை பிறந்து முதல் பத்து நாள் தினமும், அதற்குப் பிறகு பன்னிரண்டு வாரம் வரை தேவைப்படும்போதும் அவர் வருவார். செலவை அரசு மருத்துவக் காப்பீடான கிராங்கன்காசே ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஹெபாமேக்களுக்குப் பெரிய தட்டுப்பாடு. ஆறாவது மாதத்தில் தேடினால் "இடமில்லை, மன்னிக்கவும்" என்ற பதில்தான் வரும். என் கணவர் ஒரு பட்டியல் போட்டு, ஜெர்மன் மொழியில் நாலு வரி எழுதி எல்லாருக்கும் அனுப்பினார். எந்த வாரம் பிரசவம், எந்தத் தெரு, என்ன மொழி பேசுவோம் என்பது மட்டும். தெருப்பெயர் முக்கியம், ஏனென்றால் தங்கள் பகுதிக்குள் இருக்கும் வீட்டைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

வழக்கமான ஸ்கேன் மூன்றுதான்: 9 முதல் 12 வாரத்துக்குள் ஒன்று, 19 முதல் 22க்குள் ஒன்று, 29 முதல் 32க்குள் ஒன்று. "என்ன குழந்தைன்னு தெரிஞ்சுக்கணுமா?" என்று டாக்டர் சாதாரணமாகக் கேட்டபோது நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வதே குற்றம். இங்கே ஆரம்ப வாரங்களில் மட்டும் சொல்லக் கூடாது, பிறகு பெற்றோர் விருப்பம். வேண்டாம் என்றோம். பெண் என்று தெரிந்தால் ஊரிலிருந்து வரும் தொலைபேசிக் குரல்கள் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். கர்ப்ப காலத்தில் அதைக் கேட்க நான் தயாராக இல்லை.

24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை உண்டு. 50 கிராம் குளுக்கோஸ் குடிக்கச் சொல்வார்கள். அளவு கூடுதலாக இருந்தால் வெறும் வயிற்றில் 75 கிராம். நம் தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். எனக்கும் வந்தது. சர்க்கரை நிபுணரின் கிளினிக்கில் தந்த உணவுப் பட்டியல் முழுக்க கருப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். இட்லி, தோசை, சாம்பார் சாதம் எதுவும் அதில் இல்லை. அதனால் நான் சாப்பிடுவதை அளந்து, சாப்பிட்ட ஒரு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்து, இரண்டையும் ஒரு நோட்டில் எழுதினேன். மூன்று இட்லிக்கு எவ்வளவு, இரண்டு இட்லியோடு நிறைய காய்கறி சாம்பார் சேர்த்தால் எவ்வளவு, அடைக்கு எவ்வளவு. அதை ஆலோசகரிடம் காட்டியதும் அவரே ஆர்வமாகி, அடையின் பருப்பு அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இன்சுலின் இல்லாமலே கடந்தேன். பட்டியலில் நம் சாப்பாடு இல்லையென்றால் பட்டினி கிடக்காதீர்கள், ரொட்டிக்கும் மாறிவிடாதீர்கள். அளந்து எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மருத்துவமனையில் 34, 36 வாரவாக்கில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். அங்கே கேள்விக்கு மேல் கேள்வி. தண்ணீர்த் தொட்டியில் பெற விருப்பமா? வலிக்கு என்ன வேண்டும், சிரிப்பூட்டும் வாயுவா, முதுகில் போடும் ஊசியா? கூட யார் இருப்பார்? முதுகு ஊசிக்கு இங்கே பி.டி.ஏ. என்று பெயர். அதற்கான சம்மதப் படிவம் பல பக்கம் இருக்கும். வேண்டுமோ வேண்டாமோ, அன்றைக்கே மயக்க மருந்து டாக்டரிடம் பேசி, படித்துக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வலி நடுவே ஜெர்மன் படிவம் படிக்க யாராலும் முடியாது.

நம் ஊரில் இதெல்லாம் யாரும் நம்மிடம் கேட்பதில்லை. முடிவு டாக்டருடையது, மிஞ்சினால் மாமியாருடையது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை. இங்கே ஏறத்தாழ மூன்றில் ஒன்று. எண்ணை விட எனக்குப் பெரிதாகப் பட்டது, முடிவெடுக்கும் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள் என்பது. ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நாம் வாய் திறக்காவிட்டால் 'இவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பவளை நம் ஊரில் நல்ல பொண்ணு என்பார்கள். கத்தினால் லேபர் வார்டில் அதட்டு விழும். இங்கே ஹெபாமே பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பார். "பரவாயில்லை" என்று நாம் சொன்னால் அவருக்கு அது மூன்று. அதற்கேற்ற கவனிப்புதான் கிடைக்கும்.

இதை எனக்கு முன்கூட்டியே சொன்னது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஈழத்து அக்கா. தொண்ணூறுகளில் அகதியாக வந்து, மொழி தெரியாமல், தனியே இரண்டு பிள்ளை பெற்றவர். "பிள்ளை, கத்துறதெண்டா கத்து. இஞ்ச ஒருத்தரும் ஏச மாட்டினம். பேசாமக் கிடந்தா ஒருத்தரும் திரும்பியும் பாக்க மாட்டினம்" என்றார். நானும் கணவரும் பிரசவ வகுப்புக்குப் போனபோது அந்த ஹெபாமே சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

வகுப்பில் சில ஜெர்மன் சொற்களைத் தனியே எழுதிவைத்துக்கொண்டோம். டாக்டர்கள் ஆங்கிலம் பேசுவார்கள், நள்ளிரவு டியூட்டி ஹெபாமே பேசுவார் என்று சொல்ல முடியாது. 'வேஹன்' என்றால் வலி வந்து போகும் அலை. 'ஆட்மன்' மூச்சு விடு. 'பிரெஸ்ஸன்' முக்கு. 'நிஷ்ட் பிரெஸ்ஸன்' முக்காதே. கடைசி நிமிஷத்தில் அந்த 'நிஷ்ட்' காதில் விழாமல் போனால் தையல் கூடும். கணவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

எனக்குப் பனிக்குடம் நடு இரவில் உடைந்தது. தலை இறங்கிவிட்டது என்று முந்தைய பரிசோதனையில் எழுதியிருந்ததால் டாக்சியில் போனோம். தலை இறங்கவில்லை என்று சொல்லியிருந்தால் நடக்கக் கூடாது, படுத்தபடியே 112க்கு அழைத்து ஆம்புலன்ஸில்தான் போக வேண்டும். கடைசி மாதத்தில் ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

பதிவு செய்து வைத்திருந்த மருத்துவமனை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பிரசவ அறைகள் எல்லாம் நிறைந்துவிட்டனவாம். பரிசோதித்து, குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்து, வேறொரு மருத்துவமனைக்குப் பேசி அனுப்பினார்கள். ஜனவரிக் குளிரில், ஈர உடையோடு, இன்னொரு வண்டிக்காகக் காத்திருந்த அந்த நேரத்தின் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. வாரக்கணக்கில் முன்னே பதிவு செய்யச் சொல்கிறவர்கள், பதிவு இடத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஆகவே இரண்டாவது மருத்துவமனை ஒன்றையும் பார்த்துவையுங்கள். அதன் முகவரி, இரவில் எந்த வாசல் திறந்திருக்கும் என்பது வரை. முட்டர்பாஸும் படிவங்களின் நகலும் கையில் இருந்ததால்தான் இரண்டாவது இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பனிக்குடம் உடைந்தும் வலி வரவில்லை. தொற்று வராமல் இருக்க ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். மறுநாள் மாத்திரை கொடுத்து வலியைத் தூண்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏன், மாற்று என்ன, காத்திருந்தால் என்ன ஆகும் என்று சொன்னார்கள். இந்த மூன்றையும் சொல்லாமல் யாராவது எதையாவது செய்ய வந்தால் நிறுத்திக் கேளுங்கள். கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

வலி ஏறியபோது "எட்டு" என்றேன். சற்று நேரத்தில் "ஒன்பது, பி.டி.ஏ. வேண்டும்" என்றேன். கத்தினேன். ஹெபாமே என் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு "நல்லது, இன்னும் சத்தமாக" என்றார். மல்லாந்து படுக்கச் சொல்லவில்லை. பக்கவாட்டில் படுத்து, முட்டி போட்டு, கூரையிலிருந்து தொங்கும் துணியைப் பிடித்துத் தொங்கி, எது எனக்கு வசதியோ அது. கணவர் முழு நேரமும் என் தலைமாட்டில் இருந்தார். என் அக்கா பெற்றபோது அத்தான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றதை நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கை இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும். நம் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் அது கிடைக்க வேண்டும்.

மகளை அப்படியே என் மார்பில் போட்டார்கள். துடைத்ததோடு சரி, குளிப்பாட்டவில்லை. தோல் மேலிருக்கும் வெள்ளைப் படிவு குழந்தைக்கு நல்லது என்று சில நாள் அப்படியே விடுவார்கள். குழந்தைகளுக்கான தனி வார்டு என்று எதுவும் இல்லை. இரவும் பகலும் பிள்ளை நம் பக்கத்திலேயேதான். தனி அறை எடுத்தால் கணவரும் தங்கலாம், அதற்கு மட்டும் நாம் பணம் கட்ட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. மதியம் ஒரு வேளைதான் சூடாக வரும். இரவு ஆறு மணிக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, பச்சை வெள்ளரி, குடிக்க நுரைக்கும் சோடாத் தண்ணீர். பெற்ற உடம்புக்கு நம் மனம் அதை ஏற்காது. பக்கத்துத் தெரு ஈழத்து அக்கா ஃபிளாஸ்கில் சோறும் சரக்குத்தூள் போட்ட பத்தியக் கறியும் கொண்டுவந்தார். மிளகும் மல்லியும் மஞ்சளும் மணக்க மணக்கச் சாப்பிட்டபோது கண் நிறைந்துவிட்டது. யாரும் இல்லாதவர்கள் பிரசவத்துக்கு முன்பே ரசப்பொடி, பருப்புப்பொடி, ஒரு நல்ல ஃபிளாஸ்க் ஆகியவற்றைப் பையில் வைத்துவிடுங்கள். கெட்டிலும் வெந்நீரும் வார்டில் கிடைக்கும். சோடா கலக்காத தண்ணீர் வேண்டும் என்று கேட்டால் தருவார்கள்.

நம் குழந்தைகள் விஷயத்தில் இரண்டைக் கேட்டு வாங்க வேண்டும். முதலாவது மஞ்சள் காமாலை. மாநிறக் குழந்தையின் தோலில் மஞ்சள் அவ்வளவு எளிதில் தெரியாது. பார்வைக்குச் சரியாக இருக்கிறது என்று சொன்னால், நெற்றியில் வைத்துப் பார்க்கும் கருவியால் அளக்கச் சொல்லுங்கள், ஈறையும் கண் வெள்ளையையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, முதுகிலும் பிட்டத்திலும் நம் குழந்தைகள் பலருக்கு இருக்கும் நீலத் திட்டுகள். பிறவியிலேயே வந்து சில வருடங்களில் தானாக மறைபவை. தெரியாத ஒருவர் கண்ணுக்கு அடிபட்ட காயம் போலத் தோன்றும். பின்னாளில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் கேள்வி எழக் கூடாது. அதனால் குழந்தையின் மஞ்சள் அட்டைப் பரிசோதனைப் புத்தகத்தில் அதை எழுதித் தரச்சொல்லி குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். எங்கள் டாக்டர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொடுத்தார்.

"பொறந்த உடனே ஊசி போடலையா?" என்று ஊரிலிருந்து கேட்பார்கள். காசநோய்த் தடுப்பூசியை ஜெர்மனி 1998லிருந்து பரிந்துரைப்பதில்லை. வழக்கமான தடுப்பூசிகள் ஆறு, எட்டு வாரங்களில்தான் தொடங்கும். எங்கள் மகள் குளிர்காலத்தில் பிறந்ததால் ஆர்.எஸ்.வி. என்ற மூச்சுக்குழாய்த் தொற்றுக்கான ஊசியை மட்டும் வீடு திரும்புவதற்குள் போட்டார்கள். நீண்ட நாளுக்கு ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால் காசநோய் ஊசி பற்றி குழந்தை மருத்துவரிடம் தனியே பேசுங்கள்.

அம்மா வந்தார். விருந்தினர் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்கலாம். பிரசவத்துக்கு முன்பே வரவழைத்து நாளைக் கரைக்காமல், பிறந்த பிறகு உதவி அதிகம் தேவைப்படும் வாரங்களுக்கு மிச்சம் பிடியுங்கள். தினமும் வரும் ஹெபாமேக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் மொழிபெயர்த்தேன். காலையில் அவர் வந்ததும் ஜன்னல்களை அகலத் திறப்பார், அம்மா ஓடிப்போய் குழந்தையின் காதை மூடுவார். எண்ணெய் தேய்த்து இதமாகப் பிடித்துவிடுவதை ஹெபாமே ரசித்துப் பார்த்தார், எனக்குக் கொடுத்த பூண்டுக் குழம்புக்கும் லேகியத்துக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சேனை வைப்பது, தேன், வசம்பு, கண் மை, மூக்கில் எண்ணெய் விடுவது, குழந்தையின் மாரைப் பிதுக்குவது எல்லாவற்றுக்கும் கண்டிப்பாக வேண்டாம் என்றார். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள கிருமியால் உயிருக்கே ஆபத்து வரலாம். அம்மாவுக்கு வருத்தம்தான். "உங்களை எல்லாம் அப்படித்தானே வளர்த்தேன்" என்றார். நான் ஹெபாமே பக்கம் நின்றேன்.

காகித வேலையில் பெயர்தான் பெரிய தலைவலி. பிறந்த ஒரு வாரத்துக்குள் பிறப்புப் பதிவு அலுவலகமான ஷ்டாண்டெஸ்அம்ட்டுக்குத் தகவல் போக வேண்டும், மருத்துவமனையே அனுப்பிவிடும். அவர்கள் கேட்பது பெற்றோரின் பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும், ஜெர்மனியில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் செய்த மொழிபெயர்ப்போடு. இந்தியாவில் வாங்கும் அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை. சந்தேகம் வந்தால் ஊரில் ஆள் வைத்து விசாரிப்பார்கள், மாதங்கள் போகும். என் கணவரின் பழைய சான்றிதழில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது, பெயரே இல்லை. ஊர் நகராட்சியில் பெயர் சேர்த்து வாங்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. இதைக் கர்ப்பமாக இருக்கும்போதே எடுத்துப் பாருங்கள். தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போடும் நம் வழக்கத்துக்கு இங்குள்ள படிவத்தில் இடமில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எது வரும் என்று இருவரும் முன்பே பேசி முடிவெடுத்துவிடுங்கள், ஏனென்றால் இந்தியக் கடவுச்சீட்டிலும் அதுதான் ஏறும்.

எங்களுக்கு நிரந்தர வாழிட உரிமை இல்லாததால் மகள் இந்தியக் குடிமகள். ஃபிராங்க்ஃபர்ட் துணைத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். இங்கே ஆறு மாதத்துக்குள் அவள் பெயரில் வாழிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்டர்ன்கெல்ட் என்ற பெற்றோர் உதவித்தொகை, சம்பளத்தைப் பொறுத்து மாதம் 300 முதல் 1,800 யூரோ. மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்தால் முந்தைய மாதங்களுக்குக் கிடைக்காது. குழந்தைக்கான மாத உதவி 2025இல் 255 யூரோ. பிரசவச் செலவுக்கு நாங்கள் எதுவும் கட்டவில்லை.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று. பெற்ற பிறகு தும்மினால், சிரித்தால் சிறுநீர் சொட்டும். அம்மாவிடம் சொன்னபோது, "எல்லாருக்கும் அப்படித்தான்டி, பழகிடும்" என்றார். அம்மா முப்பது வருடமாக அப்படியே இருந்திருக்கிறார். ஹெபாமேயிடம் சொன்னபோது, சிறுநீரை அடக்கிப் பிடிக்கும் இடுப்புத்தளத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி வகுப்பில் பெயர் கொடுக்கச் சொன்னார். அதற்கும் கிராங்கன்காசே பணம் தரும். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆவதற்குள் முடித்துவிட வேண்டும். ஆறு, எட்டு வாரம் கழித்துச் சேருங்கள். குழந்தையைக் கூடவே கொண்டுபோகலாம். நான் வீட்டுக்கு வந்து அந்தப் பயிற்சிகளை அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இப்போது திருச்சியிலிருந்து காணொளியில் பேசும்போது, இன்று செய்தாரா என்று தினமும் கேட்கிறேன்.